மருமகளின் பரீட்சையில் நான் நோயாளி

பெற்றோலுக்கு வரிசையில் நின்று நாடே காய்ந்துபோன வருஷம் ஒன்று இருந்ததே, அதற்கு அடுத்த மாரியில் நடந்தது இது. வருஷத்தின் இலக்கம் எனக்கு வராது. எதற்குப் பிறகு எது என்றுதான் எனக்கு ஞாபகம் நிற்கும். அந்த வரிசைக் காலத்தில் என் பழைய சைக்கிளுக்குப் பெரிய மரியாதை இருந்தது. இரவல் கேட்டு வேலிப் படலையடிக்கு வந்தவர்கள் என் சுகத்தையும் சேர்த்து விசாரித்தார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்பக் கொட்டிலுக்குள் போனது, என் சுகத்தை விசாரிக்க ஆளில்லாமல் போனது. அப்படி இருந்த நேரத்தில்தான் மருமகள் வந்து என் சுகத்தை விசாரித்தாள். அதுவும் கமராவுக்கு முன்னால்.

நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் அல்ல. நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். அவனுக்கு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. நான் எப்படிச் சொன்னாலும் அதைக் கடதாசித் தமிழாக்கிவிடுவான். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போடச் சொல்லியிருக்கிறேன். போடுகிறானா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

வேலணையில் எங்கள் வீட்டில் இருப்பது நானும் மனைவியும் மகனும் மருமகளும் அவர்களுடைய சின்னப் பெண்பிள்ளையும். மருமகள் நேர்ஸ். காலையில் பஸ் ஏறி, கடலுக்கு நடுவால் போகும் றோட்டில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள். கலியாணத்துக்கு முன் நெடுந்தீவில் வேலை பார்த்திருக்கிறாள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் டொக்டர் இந்தக் கரையில் நிற்பார், நோயாளி அந்தக் கரையில் கிடப்பார், இவள் நடுவில் நிற்பாள். என்ன வருத்தம் என்று இவளுக்குத் தெரியும், என்ன மருந்து என்றும் தெரியும், ஆனால் எழுதிக் கொடுக்க உரிமை இல்லை. அந்தக் கோபத்தில்தான் தான் மேற்படிப்பில் சேர்ந்ததாகச் சொன்னாள்.

அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிப்பு, கொம்பியூட்டருக்குள்ளாலேயே படிப்பது. படித்து முடித்தால், டொக்டருக்கும் நேர்ஸுக்கும் நடுவில் ஒரு கதிரை இருக்கிறதாம், அதில் இருக்கலாம். நோயாளியைத் தானே சோதித்து, தானே வருத்தத்தைக் கண்டுபிடித்து, தானே மருந்து எழுதலாம். நான் கேட்டேன், அந்தக் கதிரை எங்கே இருக்கிறது என்று. அமெரிக்காவில் இருக்கிறது, லண்டனில் இருக்கிறது, இன்னும் பல இடங்களில் இருக்கிறது என்றாள். இங்கே இருக்கிறதா என்று கேட்டேன். இங்கே இன்னும் போடவில்லை என்றாள். கதிரை போட்டபிறகு இருக்கப் பழகுகிறவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். இவள் முதலில் இருக்கப் பழகுகிறாள். நல்லதுதான், கதிரை வந்த அன்று விழாமல் இருக்கலாம்.

படிப்பென்றால் அப்படி ஒரு படிப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தில் பின்னேரம் என்றால் எங்கள் ஊரில் விடியப்புறம். சேவல் கூவ முதல் எழும்பி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் போகும்போது ஆட்களின் நகத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். ஒருநாள் முன் சீற்றில் இருந்த ஒருவரின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாளாம். அவர் மண்கும்பானில் இறங்கிப் போய்விட்டார். பாதிப் பாடத்தில் பள்ளிக்கூடம் விட்டதுபோல இருந்தது என்று வீட்டுக்கு வந்து கவலைப்பட்டாள். அந்த மனிதருக்குத் தெரியாது, தான் ஒரு பாடம் என்று.

இன்னொன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏதாவது நடந்தால் அதைப்பற்றி எழுதி அனுப்ப வேண்டும். என்ன நடந்தது என்று எழுதினால் புள்ளி குறைவாம். அது நடந்தபோது உனக்குள் என்ன நடந்தது என்றுதான் எழுத வேண்டுமாம். இவள் பாவம், ஒரு கிழவருக்கு மருந்து கட்டியதைப் பற்றி எழுதிவிட்டு, அந்த நேரம் தனக்குள் என்ன நடந்தது என்று குசினி வாசலில் நின்று யோசிப்பாள். பசித்தது, அதைவிட ஒன்றும் நடக்கவில்லை என்பாள். பிறகு ஏதோ எழுதுவாள்.

இவ்வளவுக்கும் வீடு எப்படி ஓடியது என்றால், என் மனைவியால் ஓடியது. சமையல், சின்னப்பிள்ளை, ஆடு, நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு போவது எல்லாம் அவள் தலையில். மருமகள் ஏதாவது செய்ய வந்தால், போய்ப் படி பிள்ளை என்று துரத்திவிடுவாள். தான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். ஆனால் அந்தப் படிப்பில் அவள்தான் சேர்ந்திருக்கிறாளோ என்று நினைக்கும்படி இருந்தது. மகன் ஒருநாள் படிப்பு வீட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறதென்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு நேரம் கறி இல்லாமல் சோறு சாப்பிட்டான். இதை அவன் எழுதமாட்டான் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன் என்கிறான்.

இரண்டாம் வருஷக் கடைசியில் பெரிய சோதனை வந்தது. ஒரு ஆளைக் கதிரையில் இருத்தி, தலையிலிருந்து கால்வரைக்கும் கேள்வி கேட்டு, பிறகு தலையிலிருந்து கால்வரைக்கும் தொட்டுச் சோதித்து, அவருக்கு என்ன இருக்கிறது என்று கடைசியில் சொல்ல வேண்டும். அதை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும். பிழைத்துச் சித்தியடையாவிட்டால் முழு வருஷத்தையும் திரும்பப் படிக்க வேண்டும். படிப்புக்கென்று வாரத்துக்கு ஒரு நாளாக அவளுக்குக் கிடைத்த லீவு அதற்குள் முடிந்துவிடும். ஆகவே பிழைத்தால் படிப்பு அதோடு சரி. இதை அவள் எங்களிடம் ஒருமுறைதான் சொன்னாள். மனைவி அதை எனக்கு ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

முதலில் மாமியைத்தான் கேட்டாள் மருமகள். பொம்பிளைக்குப் பொம்பிளை சுகம் என்று. மனைவி கையிலிருந்த அகப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் உந்தக் கமராவுக்கு முன்னாலை இருக்கமாட்டன். மாமாவைப் பிடியும். அவர் சும்மாதானே இருக்கிறார்."

வெட்கம் என்று எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

மருமகள் எனக்குப் பெரிதாக ஒன்றும் விளக்கவில்லை. முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கக்கூடாதென்பது சட்டமாம். கேட்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, அவ்வளவுதான் என்றாள். அது எனக்குச் சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் கடையைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகன் பேனையை வைத்துவிட்டுப் பார்க்கிறான். பார்க்கட்டும், இது தேவை. எங்கள் தீவு ஆட்களில் கனபேர் முந்தித் தெற்கே கடை வைத்திருந்தவர்கள். நானும் மீசை முளைக்க முதலே பெரியப்பாவின் கடைக்குப் போனவன். அங்கே முதலில் பழக்கியது தராசு பிடிக்க அல்ல. வந்த ஆளுக்கு 'இல்லை' என்று சொல்லக்கூடாது, அதுதான் முதல் பாடம். சீனி முடிந்துவிட்டதென்றால் சீனி வருகிறது என்று சொல்ல வேண்டும். ஆள் கேட்ட சாமான் கடையில் கிடையாதென்றால் ஆளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மழையைப் பற்றிக் கதை கொடுத்துவிட்டு, பின்வாசலால் பக்கத்துக் கடைக்குப் போய் அதை வாங்கிவந்து, எங்கள் சாமான் போல நிறுத்துக் கொடுப்போம். அதில் லாபம் வராது. ஆனால் வந்தவர் வெறுங்கையோடு போகவில்லை. எங்கே வாங்கினோம் என்பதும் வெளியே வராது. கலவரங்களில் கடை போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் என்னோடு ஊர் வந்து சேர்ந்தது.

சோதனை நாள் காலை மனைவி எனக்கு நீளக்கைச் சேட்டை ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தாள். கலியாண வீட்டுச் சேட்டு. நெற்றி நிறைய விபூதி. எங்கள் இரண்டு பேருடைய அறையில்தான் வெளிச்சம் நன்றாக விழும் என்று, மருமகள் போனை அலுமாரிக் கதவில் கட்டினாள். மனைவியைச் சின்னப்பிள்ளையோடு குசினிக்கு அனுப்பினாள். சத்தம் வரக்கூடாது. பிறகு வந்து என்னைப் பார்த்துவிட்டு, சேட்டைக் கழற்ற வேண்டும் மாமா என்றாள். மினுக்கியது வீண். வீட்டில் நான் எந்த நாளும் சேட்டில்லாமல்தான் இருக்கிறவன். ஆனால் மருமகள் வந்தால் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். அன்று அதற்கும் அனுமதியில்லை.

அவள் என்னிடம் தமிழில் கேட்பாள். நான் சொன்னதைத் திரும்பிக் கமராவிடம் இங்கிலீசில் சொல்வாள். ஏதோ நான் களவெடுத்ததைப் பொலிசில் சொல்வதுபோல இருந்தது. முதல் கேள்வி என் முழுப்பெயர். எட்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறவள் கேட்கிறாள். சொன்னேன். தகப்பன் பெயரையும் ஊரையும் கடை இருந்த தெருவையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பார்க்கிற பேராசிரியைக்கு ஒரு வணக்கமும் சொன்னேன். பெயர் மட்டும் காணும் மாமா என்றாள்.

பிறகு வருத்தங்கள் தொடங்கின. தலையிடி வருகிறதா என்றாள். வராது. ஆகவே இல்லை என்றேன். கண் மங்குகிறதா என்றாள். இல்லை என்றேன். நெஞ்சு நோகிறதா என்றாள். அதுவும் இல்லை. மூன்று முறை ஒரு ஆளுக்கு இல்லை சொல்லிவிட்டேன். அவளுடைய முகம் வாடியதுபோல எனக்குப் பட்டது. அது வாடவில்லை, அது தொழில் முகம் என்று பிறகு சொன்னாள். எனக்கு எப்படித் தெரியும்? சாமான் இல்லாத கடையில் வந்து நிற்கிறாள் பிள்ளை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு வருத்தமும் இல்லாத ஆளைச் சோதித்து ஒன்றுமில்லை என்று எழுதினால் எவன் புள்ளி போடுவான்? வெள்ளிக்கிழமை வேறு வருகிறது.

"மாமா, மூச்சு முட்டுறதோ?" என்று கேட்டாள்.

"முட்டும்," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "எப்ப?"

"படுத்தால். ஒரு தலகாணி காணாது, ரண்டு வைக்கவேணும். விடியப்புறத்திலை எழும்பி யன்னலடியிலை இருந்தால்தான் காத்து உள்ளுக்குப் போகும்."

"நடந்தால்?"

"முந்தி நல்ல தண்ணிக் கிணத்துக்கு ஒரே மூச்சிலை போய் வரலாம். இப்ப நடுவிலை குடத்தை வைச்சிட்டு நிக்கவேணும்."

"கால் வீங்கிறதோ?"

"பின்னேரத்திலை செருப்பு வார் இறுகும்."

அவள் கமராவிடம் மளமளவென்று இங்கிலீசில் சொன்னாள். குரல் மாறியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவழியாகப் பிள்ளைக்குச் சாமான் கிடைத்துவிட்டது.

எங்கே வாங்கினேன் என்று இப்போது சொல்லலாம். எல்லாம் மனைவியுடையது. நான் நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போனதே இல்லை, குடம் எந்த இடுப்பில் இருக்கும் என்றுகூட யோசித்துப் பார்த்ததில்லை. ஐப்பசி மாதத்திலிருந்து அவள் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறாள். விடியப்புறம் யன்னலடிக் கதிரையில் இருப்பாள். கேட்டால் புழுக்கம் என்பாள். மாரியில் என்ன புழுக்கம் என்று ஒருநாள் மறித்துக் கேட்டபோதுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே வாயைக் கட்டினாள்.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் படிப்பை விட்டிட்டுக் குசினிக்குள்ளை வந்து நிப்பாள். சோதினை முடியட்டும்."

மருமகளுக்குச் சொல்லமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். வாக்கை மீறவும் இல்லை. அவளுடைய வருத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னுடையதாகத்தான் கொடுத்தேன்.

கேள்வி முடிந்து சோதனை தொடங்கியது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், முதுகில் தட்டினாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. திரும்பவும் அழுத்தினாள், வீக்கம் எங்கே போய்விட்டதென்று தேடுகிற மாதிரி. பிறகு என்னைக் கட்டிலில் நேராகப் படுக்கச் சொன்னாள். படுத்தேன். நல்ல காற்று, மழை இருட்டு, வயிற்றை இதமாக அமத்திப் பார்க்கிறாள். எனக்குக் கண் சொருகிவிட்டது.

"மாமா, நித்திரையோ?"

"இல்லைப் பிள்ளை."

"நேராய்ப் படுத்துக் கிடக்கிறியள். மூச்சு முட்டேல்லையே?"

"அது விடியப்புறத்திலைதானே," என்றேன். எனக்கே அந்தப் பதில் கொஞ்சம் பலவீனமாகப் பட்டது.

அவள் என் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். தலையைத் திருப்பி என் தலைமாட்டைப் பார்த்தாள். ஒரு தலையணை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலையணை, யன்னலடியில் கதிரை, கதிரையில் மனைவியின் போர்வை. நாங்கள் அறை கூட்டினோம், கட்டில் விரிப்பை மாற்றினோம், அலுமாரிக்கு மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கினோம். அதை ஒதுக்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மாமா," என்றாள் மெல்ல, "உது ஆரின்ரை வருத்தம்?"

எங்கே வாங்கியது என்று கடைக்காரன் சொல்லமாட்டான். ஆனால் என் கண் குசினிப் பக்கம் போய்விட்டது. அதை மறிக்கப் பெரியப்பா பழக்கவில்லை.

குழாயைக் கழுத்தில் போட்டபடி அவள் அறையைவிட்டுப் போனாள். போனை நிற்பாட்டவில்லை. வெட்டாமல் ஒட்டாமல் எடுக்க வேண்டிய வீடியோ அது. இப்போது அதில் நானும் வெறும் கதிரையும் மட்டும் இருந்தோம். எழும்பி நடந்தால் புள்ளி குறைப்பார்களோ என்று பயந்து நான் கட்டிலில் எழும்பி நேராக இருந்தேன். குசினியில் கதைப்பது நன்றாகக் கேட்டது.

"மாமி, காலை ஒருக்காக் காட்டுங்கோ."

"என்ன பிள்ளை, அடுப்பிலை கறி கிடக்கு."

"கறி கிடக்கட்டும்."

"அங்கை சோதினையை விட்டிட்டு இஞ்சை வந்து நிக்கிறீர்."

"சோதினையும் கிடக்கட்டும். இருங்கோ."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கனநேரம் அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் மட்டும். கடைசியில் மனைவியின் குரல் வந்தது, கோபமாக இல்லை, களைத்துப்போய்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கேலாதே உங்கள் ரண்டு பேருக்கும்?"

மருமகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் அழுதிருக்கலாம். அவளுடைய படிப்பில் அதற்குத் தனியாகப் புள்ளி உண்டு.

அவ்வளவு நேரமும் அறையில் நான் பேராசிரியையை வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு பெரிய மனிசி அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்க, நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. ஆகவே கடையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், மழையைப் பற்றியும் சொன்னேன். அவர் அந்த நேரம் பார்க்கவில்லை, பிறகு அனுப்பினால்தான் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. வீடியோவில் அரைவாசிக்கு மேல் நான்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மகன் சிரிக்கிறான்.

அன்றைக்கே ஓட்டோ பிடித்து மனைவியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். கடல் றோட்டில் காற்று பலமாக அடித்ததாம். அந்தக் காற்றிலும் அவளுக்கு மூச்சுக் காணவில்லையாம். இருதயம் களைத்துப்போய்விட்டது, அதனால்தான் உடம்பில் தண்ணி நிற்கிறது என்றார் டொக்டர். நேரத்தோடு கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார். வாட்டில் மறித்து வைத்தார்கள். மருமகள் பக்கத்திலேயே நின்றாள். வெள்ளிக்கிழமை வந்தது, எங்களைக் கேட்காமல் போனது. வீடியோ போகவில்லை.

மனைவி வீட்டுக்கு வந்ததும் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மாத்திரைக்குத் தண்ணி கேட்டபோது தொடங்கினாள்.

"சொல்லிப்போடாதேங்கோ எண்டு சொன்னனான்."

"நான் எங்கை சொன்னனான்? என்ரையெண்டுதானே சொன்னனான்."

"உங்கடையெண்டு சொல்ல உங்களுக்கு ஒரு வருத்தம்கூட இல்லையே? என்ரையைத்தான் எடுக்கவேணுமே?"

நான் தண்ணியைக் கொடுத்தேன். இப்போது அவளுக்குக் கருவாடு கூடாது, உப்புக் கூடாது. தீவில் பிறந்த ஒருத்திக்கு அதைச் சொன்ன டொக்டரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. குடம் எந்த இடுப்பில் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். இடுப்பில் இல்லை, சைக்கிளில். கொட்டிலுக்குள் போன சைக்கிள் திரும்ப வெளியே வந்துவிட்டது.

மருமகள் படிப்பு போய்விட்டதென்றே முடிவுகட்டிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைக் கட்டி அலுமாரியில் வைத்தாள். மனைவி அந்த அறைக்குப் போய், இருந்து இருந்து மூச்சு வாங்கி, கட்டை அவிழ்த்து எல்லாவற்றையும் திரும்ப மேசையில் அடுக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மருமகளால் முடியவில்லை. என்ன நடந்தது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். அவர்கள் யோசித்து, வேறு ஒரு நாள் தந்தார்கள். ஆனால் என்ன நடந்தது, உனக்குள் என்ன நடந்தது என்று விபரமாக எழுதி அனுப்ப வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அவளுக்குள் என்ன நடந்தது என்று யோசிக்கக் குசினி வாசலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரே இருப்பில் எழுதினாள். அந்தக் கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே கூடின புள்ளி. வீடியோ அனுப்பாமல் விட்டதைப் பற்றி எழுதி, வீடியோ அனுப்பியவர்களைவிடக் கூடப் புள்ளி எடுத்தாள்.

இரண்டாம் முறையும் நோயாளி நான்தான். மகன் வருகிறேன் என்றான். அவன் கந்தோர் ஆள், எதைக் கேட்டாலும் நாளைக்கு வரச் சொல்வான் என்று மனைவி மறுத்துவிட்டாள். முதல் நாள் என்னைக் கூப்பிட்டு இருத்தி, உள்ளதை மட்டும் சொல்லுங்கோ என்று கண்டிப்பாகச் சொன்னாள். சேட்டு மினுக்கவில்லை.

இந்த முறை மருமகள் கேட்டதற்கெல்லாம் நான் இல்லை என்றேன். தலையிடி இல்லை. நெஞ்சு நோ இல்லை. மூச்சு முட்டுவதில்லை. கால் வீங்குவதில்லை. என்ன பாடுபட்டேன் தெரியுமா? ஒவ்வொரு இல்லைக்கும் என் பெரியப்பா கல்லாவில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் வேறு ஆருக்காவது வருத்தம் உண்டோ என்று கடைசியில் கேட்டாள். அதற்கு மட்டும் எனக்குக் கொடுக்க ஏதோ இருந்தது.

"மனுசிக்கு இருதய வருத்தம். மருந்து எடுக்கிறா."

"ஒழுங்காய் எடுக்கிறாவோ?"

நான் வாய் திறக்க முதல் குசினியிலிருந்து பதில் வந்தது. "ஓம், எடுக்கிறன்." சத்தம் வரக்கூடாதென்ற சட்டம் அதோடு முறிந்தது. மருமகள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை வீடியோவில் காணலாமாம்.

அவள் சித்தியடைந்தாள். பேராசிரியை நல்லதாக எழுதிவிட்டு, கீழே ஒன்றைக் கேட்டிருந்தார்: நோயாளிக்கு முன்கூட்டியே பதில்கள் பழக்கப்பட்டனவா? பதில்கள் இயல்பாக இல்லையாம். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு அரை மணித்தியாலம் முழுக்க உண்மை சொன்னேன். அதைத்தான் நம்பவில்லை. முதல் வீடியோவைப் பார்த்திருந்தால் ஒவ்வொரு சொல்லையும் நம்பியிருப்பார்.

படிப்பு முடிந்து இப்போது அந்தப் பட்டம் கண்ணாடிச் சட்டத்தில் விறாந்தையில் தொங்குகிறது. மருமகள் அதே பஸ்ஸில், அதே வெள்ளை உடுப்பில், அதே வேலைக்குத்தான் போகிறாள். நடுக்கதிரை இன்னும் வரவில்லை. வருகிறது என்று நான் சொல்கிறேன். கடைக்காரனுக்கு அப்படிச் சொல்ல நன்றாகத் தெரியும். அதுவரைக்கும் அவளிடம் முழுதாகச் சோதிக்கப்படுகிற நோயாளி இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் கால் அழுத்திப் பார்க்கப்படுகிறது, நிறை பார்க்கப்படுகிறது, கருவாட்டு மணம் விசாரிக்கப்படுகிறது.

இனி ஏன் இதை எழுதுவித்தேன் என்று சொல்கிறேன். மகன் கனடாவில் இருக்கும் மைத்துனனுக்கு, அப்பா சோதினையில் நோயாளி என்று பகிடியாகச் சொன்னான். கடலைக் கடக்கும்போது சோதினை தண்ணிக்குள் விழுந்துவிட்டது, நோயாளி மட்டும் கரைசேர்ந்தான். இப்போது கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் போன் வருகிறது. எனக்கு இருதயம் முடிந்துவிட்டதாம். எல்லோரும் அழுகிறார்கள். இறுப்பிட்டியில் எனக்கு இருக்கும் காணித் துண்டு ஒன்றில் என்னோடு நெடுநாளாக வேலிப் பிணக்கு உள்ள ஒருவர், பாரிசிலிருந்து போன் எடுத்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் அண்ணை, நிம்மதியாக இருங்கோ என்றார். வேலி எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும் என்றும் சொன்னார். அது என் பக்கத்துக்கு நல்லது. ஆகையால் அவரிடம் நான் சுகமாக இருப்பதை ஆறுதலாகச் சொல்லலாம், அவசரமில்லை.

மற்றவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். வாசிக்கிற உங்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் யாரையாவது தெரியாமல் இராது. வருத்தம் எனக்கு இல்லை, என் மனைவிக்கு. மருமகள் கண்டுபிடித்தாள், மருந்து நடக்கிறது, படிப்பும் முடிந்தது. இனிப் போன் எடுக்கிறவர்கள் என்னிடம் அவளுடைய சுகத்தைக் கேட்க வேண்டாம், நான் எதற்கும் ஓம் என்றுதான் சொல்வேன். போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, அவளையே கேட்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஒன்றுமில்லை என்பாள். இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.